பாதி சோகம், பாதி தவளைச் சத்தம்: வசந்தகால லவுஞ்ச் நிகழ்ச்சியில் என்னதான் இருக்கிறது?

கேள்வி: இணைய வானொலி ஒன்றில் 'வசந்தகாலச் சிறப்பு' என்று இரண்டு மணி நேரம் பழைய லவுஞ்ச், ஜாஸ், எக்ஸாட்டிகா இசை போட்டார்கள். பாதிப் பாட்டு அழுகை மாதிரி இருந்தது, மீதியில் குருவியும் தவளையும் கத்தின. இதில் வசந்தம் எங்கே வருகிறது? எக்ஸாட்டிகா என்றால் என்ன? நான் எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்:

நீங்கள் கேட்டதில் எதுவும் பிசகவில்லை. அந்தக் குருவியும் தவளையும் வாத்தியக்காரர்கள் வாயாலும் கையாலும் போட்ட சத்தம். அழுகையும் தற்செயலாக வந்ததில்லை. அமெரிக்காவில் 1930-களிலிருந்து 60-கள் வரை வசந்தத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு வந்த நல்ல பாட்டுகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சோகம்தான். எக்ஸாட்டிகா என்பது தூரத்துத் தீவுகளைக் கற்பனை செய்து, பறவைச் சத்தமெல்லாம் சேர்த்து ஐம்பதுகளில் அமெரிக்காவில் செய்த இசை; அதிலோ பருவம் என்ற ஒன்றே கிடையாது. கற்பனைத் தீவு, எப்போதும் ஒரே வெயில், ஒரே நிலா. வசந்தத்தைக் கண்டால் மூக்கைச் சிந்தும் ஜாஸையும், வசந்தம் என்றால் என்னவென்றே தெரியாத தீவு இசையையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் கேட்கிறவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. இரண்டிலும் வரும் வானிலை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வானிலை இல்லை. ஸ்டுடியோவிலும் ஓட்டல் பாரிலும் தயாரானது. அதைப் பிடித்துக்கொண்டால் அந்த இரண்டு மணி நேரமும் புரிந்துவிடும்.

முதலில் தவளை.

மார்ட்டின் டென்னி 1911-இல் நியூயார்க்கில் பிறந்த பியானோக் கலைஞர். 1954-இல் ஹொனலுலுவுக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 2005-இல் இறந்ததும் அங்கேதான். தொழிலதிபர் ஹென்றி கைசரின் ஹவாயன் வில்லேஜ் ஓட்டலில் ஷெல் பார் என்று ஒரு திறந்தவெளி மதுக்கூடம் இருந்தது. டென்னியின் சிறிய குழு இரவு நேரத்தில் அங்கே வாசிக்கும். மேடையை ஒட்டி ஒரு குளம், அதில் பெரிய பெரிய தவளைகள். ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது தவளைகள் கத்தத் தொடங்கின. வாசிப்பு நின்றதும் அவையும் நின்றன. தற்செயலா என்று பார்க்க, கொஞ்ச நேரம் கழித்து அதே பாட்டைத் திரும்ப எடுத்தார்கள். தவளைகளும் திரும்பத் தொடங்கின. குழுவில் இருந்தவர்கள் விளையாட்டாகப் பறவை மாதிரி கூவி வைத்தார்கள்.

மறுநாள் ஒரு வாடிக்கையாளர் வந்து, அந்தப் பறவையும் தவளையும் வருகிற பாட்டை வாசிக்க முடியுமா என்று கேட்டார். டென்னிக்கு முதலில் விளங்கவே இல்லை. அதையும் இசையமைப்பின் ஒரு பகுதி என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது. சரி, கேட்கிறார்களே, செய்துவிடுவோம் என்று நிஜமாகவே ஏற்பாடு செய்தார்கள். தாளவாத்தியக்காரர் ஆகி கோலோன் பறவைக்குரல்களில் கில்லாடி. தவளைக்கு, மேலே வரிவரியாகக் கீறிய சுரைக்குடுக்கை போன்ற 'குயிரோ' என்ற லத்தீன் அமெரிக்க வாத்தியத்தைக் குச்சியால் தேய்த்தார்கள். நீங்கள் வானொலியில் கேட்டது அந்தக் குச்சிதான்.

இந்த ஏற்பாட்டோடு அவர்கள் பதிவுசெய்த பாட்டு 'கொயட் வில்லேஜ்'. எழுதியவர் லெஸ் பாக்ஸ்டர். அவர் 1951-இல் வயலின் பட்டாளத்தோடு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்காகச் செய்ததை டென்னி பியானோ, வைப்ராஃபோன், பாஸ், தாளம் என்று நாலு பேருக்குள் அடக்கினார். கீழ்ச் சுரங்களில் ஒரே சுற்று திரும்பத் திரும்ப வருகிறது, அதன் மேல் மெட்டு சோம்பல் முறித்துக்கொண்டு எழுகிறது, இடையிடையே ஏதோ ஒரு மரத்திலிருந்து கோலோன் கத்துகிறார். 1956 டிசம்பரில் வைகிகியில் ஒலிப்பதிவு, 1957-இல் 'எக்ஸாட்டிகா' என்ற பெயரில் ஆல்பம். அந்த ஆல்பத்தின் பெயரே இந்த வகை இசைக்குப் பெயராகிவிட்டது. சூடுபிடித்ததென்னவோ 1959-இல்தான்: ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வெளியிடும் விற்பனைப் பட்டியலில் முதலிடம், தனிப்பாட்டு நான்காம் இடம். அதே ஆண்டில்தான் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமானது.

நிகழ்ச்சிகளில் இந்த ஆல்பத்தின் இரண்டு வடிவங்கள் மாறிமாறி ஒலிக்கும். முதல் பதிவு மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில். ஸ்டீரியோ தட்டுகள் சந்தைக்கு வந்ததும் 1958-இல் முழு ஆல்பத்தையும் மறுபடி வாசித்துப் பதிந்தார்கள். அதற்குள் வைப்ராஃபோன் வாசித்த ஆர்தர் லைமன் பிரிந்து போய்த் தனிக்குழு வைத்துவிட்டார். அவர் இடத்தில் ஜூலியஸ் வெக்டர். டென்னிக்குப் பிடித்தது பழைய மோனோதான். எனக்கும் அதுதான். ஸ்டீரியோவில் எல்லாம் துப்புரவாக இடது வலது என்று பிரிந்து நிற்கிறது, மோனோவில் அந்த பாரின் ஈரம் இருக்கிறது.

லைமனையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1932-இல் ஹவாயில் பிறந்தவர். கைசரின் ஓட்டல் வளாகத்தில் அலுமினியத்தால் ஆன, கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரை கொண்ட அரங்கம் ஒன்று இருந்தது, எதிரொலி அபாரம். லைமனின் ஆல்பங்கள் அதற்குள் பதிவானவை. சுற்றுலாக்காரர்களும் வண்டிகளும் ஓயட்டும் என்று நள்ளிரவுக்கு மேல்தான் வேலையைத் தொடங்குவார்கள். இரவுக் குளிரில் அலுமினியம் சுருங்கிச் சடசடக்கும். சில பதிவுகளில் அந்தச் சத்தமும் சேர்ந்து விழுந்திருக்கிறது. 1958-இல் வந்த அவருடைய 'டாபூ' ஆல்பத்தை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். 1961-இல் 'யெல்லோ பேர்ட்' பாட்டு அமெரிக்காவில் நான்காம் இடம் வரை ஏறியது.

வைப்ராஃபோன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். இந்த மொத்த நிகழ்ச்சியையும் ஒட்டிவைக்கும் பசை அந்த வாத்தியம்தான். மேசை மாதிரி வரிசையாக உலோகப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குழாய், குழாயின் வாயில் மோட்டாரில் சுழலும் வட்டத் தகடு. தகடு திறந்து மூடுவதால் ஓசை அலையலையாக நடுங்கும். காலால் மிதியை அழுத்தினால் அந்த நடுக்கம் நீண்டு தொங்கும். ஜாஸில் இதை முதலில் நிலைநிறுத்தியவர் லயனல் ஹாம்ப்டன், 1930-இல் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கோடு செய்த பதிவில். அதே வாத்தியம் டென்னியிடம் தீவாகிறது, பியானோக் கலைஞர் ஜார்ஜ் ஷியரிங்கின் ஐவர் குழுவில் பியானோவோடும் கிட்டாரோடும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடி மாலைநேர வரவேற்பறையாகிறது. நிகழ்ச்சி நடத்துகிறவர் ஜாஸிலிருந்து எக்ஸாட்டிகாவுக்குத் தாவும்போது பெரும்பாலும் இந்த உலோகப் பட்டைகள் மேல் நடந்துதான் அக்கரைக்குப் போவார்.

லவுஞ்ச் என்பது பிற்காலத்தில் ஒட்டிய பெயர். ஐம்பதுகளில் 'மூட் மியூசிக்' என்று விற்றார்கள், அப்புறம் 'ஈஸி லிஸனிங்' என்றார்கள். மதிப்பெல்லாம் இல்லை, ராக் வந்ததும் தட்டுகள் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. 1990-களில்தான் சிலர் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். மெக்சிகோ இசையமைப்பாளர் எஸ்கிவெல் 1994-இல் ஒரு தொகுப்பு ஆல்பத்தின் வழியாக மறுபிறவி எடுத்தார். விசித்திரமான மனிதர். பாடகர்களை 'ஸூ ஸூ ஸூ' என்று பாடவைப்பார், நடுவில் திடீரென்று பித்தளை வாத்தியங்கள் கூரையைப் பிய்க்கும். 1962-இல் 'லேட்டின் எஸ்க்' ஆல்பத்துக்காக, இடது வலது ஒலி கலந்துவிடக் கூடாதென்று ஆர்க்கெஸ்ட்ராவையே இரண்டாகப் பிரித்து இரண்டு ஸ்டுடியோவில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் கொடுத்து ஒன்றாக வாசிக்கவைத்தார். காபிடல் நிறுவனம் 1996-இலிருந்து தன் கிடங்கில் கிடந்ததையெல்லாம் 'அல்ட்ரா லவுஞ்ச்' என்று தொடராக வெளியிட்டது.

நீங்கள் கேட்டது போன்ற நிகழ்ச்சிகளும் அந்தக் காலத்தில் முளைத்தவைதான். கான்சஸ் பொது வானொலியில் டாரல் பிராக்டன் 'ரெட்ரோ காக்டெயில் ஹவர்' என்ற இரண்டு மணி நேர நிகழ்ச்சியை 1996-இல் தொடங்கினார். நிலத்தடி மார்ட்டினி பதுங்குகுழியிலிருந்து ஒலிபரப்புவதாகப் பாவனை. கடலே இல்லாத, கோதுமை வயலுக்குப் பேர்போன மாநிலத்திலிருந்து தீவு இசை!

இந்தப் பாவனைக்கு முன்னோடி ஒன்று உண்டு. 1935-இல் வெப்லி எட்வர்ட்ஸ் 'ஹவாய் கால்ஸ்' என்ற வாராந்திர நிகழ்ச்சியைத் தொடங்கினார். வைகிகியின் மொவானா ஓட்டல் ஆலமரத்தடியில் பாட்டு, கடற்கரையில் அலைச் சத்தத்துக்கென்று மைக். சிற்றலை வழியாக அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போகும். பனியில் அடைந்து கிடக்கிறவர்களுக்கு வாரம் ஒரு முறை வெயிலைக் கொண்டுபோய்ச் சேர்த்த நிகழ்ச்சி அது. 1975 வரை ஓடியது. எக்ஸாட்டிகாவை வசந்தத்தோடு சேர்ப்பதன் வேர் இங்கேதான் என்று நினைக்கிறேன். நமக்குச் சித்திரை என்றால் கத்திரி வெயில். கான்சஸிலோ சிகாகோவிலோ மார்ச் ஏப்ரல் என்றால் ஐந்து மாதம் கழித்து ஜன்னலைத் திறக்கிற நாள். திறந்ததும் குருவி கத்த வேண்டும். வெளியே இன்னும் கத்தவில்லையா, ஆகி கோலோன் கத்துவார்.

இந்தக் கற்பனைத் தீவுக்கு ஒரு அசட்டுப் பக்கமும் உண்டு, அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. போருக்குப் போய்வந்த சிப்பாய்களின் பசிபிக் நினைவு, பசிபிக் தீவு போல அலங்கரித்த 'டிக்கி' மதுக்கூடங்கள், புதிதாக வந்த ஜெட் விமானம் எல்லாம் சேர்ந்து உலகத்தையே ஒரு அலங்காரப் பொருளாக்கிய காலம். பாலினேசியா, ஆப்பிரிக்கா, இந்தியா எல்லாம் ஒரே மேளத்தில் அடிபடும். நம் நாட்டின் பெயரிலும் ஒருவர் இருந்தார்: கோர்லா பண்டிட். தலையில் ரத்தினம் பதித்த தலைப்பாகை, மை தீட்டிய கண், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். 1949-இலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் தொலைக்காட்சியில் ஹேமண்ட் ஆர்கன் வாசித்து வீட்டுக்கு வீடு பிரபலம். டெல்லியில் பிறந்தவர் என்று சொல்லிக்கொண்டார். 1998-இல் இறந்தார். 2001-இல் ஒரு பத்திரிகை உண்மையை வெளியே கொண்டுவந்தது: அவர் மிசௌரி மாநிலத்தில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர், இயற்பெயர் ஜான் ரோலண்ட் ரெட். கறுப்பராகப் போயிருந்தால் அன்றைய தொலைக்காட்சியில் அப்படியொரு தனி நிகழ்ச்சி கிடைத்திருக்குமா என்று யோசித்தால், அந்தத் தலைப்பாகையைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை.

இனி அந்த அழுகைக்கு வருவோம்.

பிரான் லாண்டெஸ்மன் என்ற பெண்மணி செயின்ட் லூயிஸ் நகரில் கணவர் குடும்பத்தின் இரவு விடுதியில் பாட்டு எழுதத் தொடங்கியவர். ஏப்ரலைக் கொடிய மாதம் என்று கவிஞர் டி. எஸ். எலியட் எழுதினாரே, அதையே ஜாஸ்காரர்கள் பேச்சில் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதியது 'ஸ்ப்ரிங் கேன் ரியலி ஹேங் யூ அப் த மோஸ்ட்'. மெட்டு, அந்த விடுதியின் பியானோக்காரர் டாமி வுல்ஃப். 1955 வாக்கில் வந்த பாட்டு. பாட்டில் வருகிறவள் அறைக்குள் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கேட்டது பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் 1961 பதிவாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாவை எப்போதும் உற்சாகமானவர் என்றே நினைக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

'இட் மைட் ஆஸ் வெல் பி ஸ்ப்ரிங்' இன்னும் சுவாரஸ்யம். 1945-இல் 'ஸ்டேட் ஃபேர்' படத்துக்காக ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் செய்தது, ஆஸ்கர் வாங்கியது. கதை நடப்பது அயோவா மாநிலத்துக் கண்காட்சியில், கோடை முடியும் நேரத்தில். அதாவது வசந்தகாலச் சிறப்புகளில் தவறாமல் வரும் இந்தப் பாட்டில் வசந்தமே இல்லை. ஒரு பண்ணை வீட்டுப் பெண், காரணமே தெரியாமல் மனசு நிலைகொள்ளாமல் தவிக்கிறாள்; வசந்தமாக இருந்தாலாவது காரணம் சொல்லலாம், அதுவும் இல்லையே என்கிறாள். பாடகி அஸ்ட்ரூட் ஜில்பெர்டோ 1964-இல் சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் குழுவோடு பாடியதில் இந்தத் தவிப்பு போஸா நோவா என்ற பிரேசிலின் மென்மையான இசையாக மெலிந்து வரும். பில்லி ஹாலிடே 1939-இல் பாடிய 'சம் அதர் ஸ்ப்ரிங்' வேறு ரகம்: இந்த வசந்தம் போய்விட்டது, வேறொன்று வந்தால் பார்க்கலாம் என்ற அளவில்தான் நம்பிக்கை.

எல்லாமே அழுகை என்றும் சொல்லிவிட முடியாது. ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனின் 'ஜாய் ஸ்ப்ரிங்' சந்தோஷத்தின் உச்சம். 1954-இல் ட்ரம்ஸ் வாசிக்கும் மேக்ஸ் ரோச்சோடு பதிந்தது, மனைவி லாரூவுக்காக எழுதியது. மெட்டின் முதல் எட்டு அளவுகள் முடிந்ததும் அதே மெட்டு அரைச் சுரம் மேலேறித் திரும்ப வரும். படி ஏறுவது தெரியாமல் ஏறிவிட்டிருப்போம், காது மட்டும் வெளிச்சம் கூடியதாக உணரும். ஒரு தடவை சொன்ன பிறகு கேட்டுப் பாருங்கள், பிடிபட்டுவிடும். 1956 ஜூனில் கார் விபத்தில் பிரவுன் இறந்தபோது வயது 25.

அப்புறம் பெரிய ஜாஸ் குழு நடத்திய கவுன்ட் பேஸியின் 'ஏப்ரல் இன் பாரிஸ்', 1955. பாட்டு 1932-இல் வெர்னன் டியூக், யிப் ஹார்பர்க் இருவரும் பிராட்வேக்காக எழுதிய மென்மையான சங்கதி. பேஸியின் படை அதை எடுத்துக் கோயில் திருவிழாவாக்கிவிட்டது. பாட்டு முடியும், 'ஒன் மோர் டைம்' என்று பேஸி சொல்வார், கடைசிப் பகுதி மறுபடி முழங்கும். முடிந்தது என்று நினைப்பீர்கள். 'ஒன் மோர் ஒன்ஸ்' என்பார், இன்னொரு முறை. நிகழ்ச்சியின் முதல் மணி நேரத்தை முடிக்க இதைவிடத் தோதான பாட்டு கிடையாது.

லவுஞ்சிலிருந்து வசந்தத்துக்கென்று ஒன்றே ஒன்று எடு என்றால் பெரெஸ் பிராடோவின் 'செர்ரி பிங்க் அண்ட் ஆப்பிள் பிளாசம் வைட்' எடுப்பேன். மூலம் 1950-இல் வந்த பிரெஞ்சுப் பாட்டு, அதைச் சா-சா-சா என்ற கியூப நடன இசையாக்கியவர் கியூபாக்காரரான பிராடோ. 1955-இல் அமெரிக்காவில் பத்து வாரம் முதலிடம். ட்ரம்பெட் பில்லி ரெஜிஸ். மெட்டின் தொடக்கத்திலேயே ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்து, அப்படியே வழுக்கிக் கீழே விட்டு, கேட்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி தூக்கி எடுப்பார். அதற்குத்தான் அத்தனை லட்சம் தட்டுகள் விற்றன. நம் 60-களின் சினிமா கிளப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த பாங்கோவும் பித்தளையும் சொந்த வீடு மாதிரி இருக்கும்.

எக்ஸாட்டிகாவின் தகப்பனார் லெஸ் பாக்ஸ்டரும் ஒரு வசந்தப் பாட்டை வெற்றியாக்கினார்: 'ஏப்ரல் இன் போர்ச்சுகல்', 1953, அமெரிக்காவில் இரண்டாம் இடம். மூலத்தில் அது கொயிம்ப்ரா என்ற பல்கலைக்கழக ஊரைப் பற்றிய போர்ச்சுகீசியப் பாட்டு. அமெரிக்காவுக்கு வந்தபோது ஏப்ரலை ஒட்டிக்கொண்டது, விற்றது. பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமின் 'அகுவாஸ் டி மார்சோ' (மார்ச் மழை) அதற்கு நேர் எதிரான பயணம். பிரேசிலில் மார்ச் மழை என்றால் கோடை முடிகிறது. 1972-இல் அப்படித்தான் எழுதினார். ஆங்கிலத்தில் தானே எழுதியபோது வடக்கே இருப்பவர்களுக்காக அதை வசந்தத்தின் வரவாக்கிவிட்டார். பாடகி எலிஸ் ரெஜினாவும் அவரும் 1974-இல் சேர்ந்து சிரித்துப் பாடியதை வசந்தச் சிறப்புகளில் போடுகிறார்கள். ரியோவில் இருக்கிறவர் அதைக் கேட்டால் தலையைச் சொறிவார். போடுகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவ்வளவு நல்ல பதிவு.

தொடங்குவதற்கு நீண்ட பட்டியல் எதுவும் வேண்டாம். டென்னியின் 'எக்ஸாட்டிகா' மோனோ, லைமனின் 'டாபூ', பேஸியின் 'ஏப்ரல் இன் பாரிஸ்' மூன்றும் போதும். மூன்றும் பிடித்தால் கிளிஃபர்ட் பிரவுனுக்கு நகருங்கள். ஜாஸ் பியானோக் கலைஞர் பில் எவன்ஸின் 'யூ மஸ்ட் பிலீவ் இன் ஸ்ப்ரிங்' ஆல்பத்தை ராத்திரி பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 1977-இல் பதிந்தது, அவர் 1980-இல் இறந்த பிறகு 1981-இல்தான் வெளிவந்தது. மிஷேல் லெக்ராண்ட் ஒரு பிரெஞ்சுப் படத்துக்குப் போட்ட மெட்டுதான் தலைப்புப் பாட்டு. வேலை பார்த்துக்கொண்டே கேட்கிற சங்கதி இல்லை அது.

பெரு நாட்டுப் பாடகி யூமா சுமாக்கை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். லெஸ் பாக்ஸ்டர் இசையில் 1950-இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் இந்த வகையின் அஸ்திவாரங்களில் ஒன்று, சந்தேகமில்லை. ஆனால் உறுமலில் தொடங்கி, நாலு ஸ்தாயிக்கு மேல் ஏறி, விசில் சத்தம் வரை போகிற குரல். முதல் நாளே ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆயிற்று என்று கதவைத் தட்டுவார்.